சிவப்பு மையில் ஒரு ஏன்

என் அன்புக் கட்டெறும்புக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் பாதி சுகம், கடையில் நேற்று ஒரு முழுக் கண்ணாடி கை தவறி விழுந்து சுக்கு நூறானதைத் தவிர மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், இல்லையென்றால் இல்லை என்று எழுது, வந்து ஊட்டிவிடுகிறேன். என் எழுத்து மலை ஏறி இறங்கும், ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, படத்துக்குச் சட்டம் அறுக்கச் சொன்னால் நூல் பிசகாது, வரி எழுதச் சொன்னால் குடித்தவன் மாதிரி நடக்கும். படித்த பிள்ளை நீ, பொறுத்துப் படி.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்றேகால். கடை ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்துவிட்டு வேலை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தை பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆமாம், என் அக்காதான், எனக்கு இருப்பது ஒரே அக்கா. பதினோரு வருஷமாக இந்தப் படி ஏறாதவள். நீ கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார், இது கொஞ்சம் நீளமான கடிதம்.

போன வாரம் வந்த உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு மாதக் கடைசியில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, நான் மாடிக்கு ஓடிப்போய் உன் அம்மாவிடம், ராணி வர்றாங்க, அரண்மனையைக் கூட்டு என்றேன். அவள் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, மூணாம் பக்கத்தைப் படிச்சீங்களா இல்ல முதல் பக்கத்தோட ஓடி வந்துட்டீங்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் மூன்றாம் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். குடியை நிறுத்த வைக்கும் அந்த மையத்தில் களப்பணிக்காக உன்னை உட்கார வைத்திருந்தபோது ஒரு நோயாளியின் மனைவி வந்ததை எழுதியிருந்தாய். பேர் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்றும் எழுதியிருந்தாய், அது சரிதான். அந்தம்மா சொல்ல வந்ததைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தார்களாம், நீயோ, மூணு தடவையும் நான் அவங்க பிள்ளையோட ஸ்கூல் பையைப் பத்தி ஜோக்கடிச்சு மூடிட்டேன், அவங்க நல்லா சிரிச்சாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க, வீட்டுல அடி விழுதான்னு கேக்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேக்கவே இல்லப்பா, கேட்டா அழுதுடுவாங்கன்னு பயம் என்று எழுதியிருந்தாய். உங்கள் மேற்பார்வை மேடம், நல்லா பேசினே, ஒண்ணும் கேக்கல என்று சொன்னார்கள் என்றும், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்றும் எழுதியிருந்தாய். இந்த இடத்தில் எனக்கு யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தது மாதிரி இருந்தது. அந்த வித்தையை உனக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார் என்று எனக்குத் தெரியாதா. உன் மூக்கு அம்மா கொடுத்தது, இது நான் கொடுத்தது.

இதற்குள் நீ அனுப்பிய குடும்பப் படத்தின் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வகுப்புக்காக மூன்று தலைமுறையையும் வரையச் சொன்னார்கள் என்று போனில் என்னை நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டாயே, அதை வைத்து வரைந்து மார்க்கும் வாங்கி, எனக்கும் ஒரு கலர் பிரதி தபாலில் அனுப்பினாய் அல்லவா. பிரித்துப் பார்த்தால் பெரிய தாள், ஆம்பிளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், செத்தவர்களுக்கு உள்ளே பெருக்கல் குறி, நெருக்கமானவர்களுக்கு நடுவில் தடித்த கோடு, சண்டைக்காரர்களுக்கு நடுவில் ரம்பப் பல் கோடு, பேச்சு வார்த்தையே அற்றுப்போனவர்களுக்கு நடுவில் கோட்டை வெட்டி இரண்டு சின்னக் கோடு. ஓரத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் வேறு எழுதியிருந்தாய், எனக்கே புரிந்தது என்றால் பார். ஊரில் உள்ள எல்லார் வீட்டுச் சர்ட்டிபிகேட்டையும் சட்டம் போட்டுக் கொடுக்கிறவன், என் மகள் வரைந்ததைச் சுருட்டி அலமாரியிலா வைப்பேன். ஒன்றரை அங்குலச் சட்டம், மூலைக்கு நாற்பத்தைந்து பாகை, மயிரிழை இடைவெளி இல்லை, நல்ல கண்ணாடி, பின்னால் புது அட்டை, கல்லாவுக்கு நேர் மேலே வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவிட்டேன். குடும்பத்து விஷயங்களை வெளியே விடாமல் எப்படிக் காப்பது என்று நீங்கள் அங்கே பாடம் படிக்கிறீர்கள், நான் இங்கே கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைத்துவிட்டேன். உங்கள் மேடத்துக்கு இது தெரிய வேண்டாம்.

முதலில் பிடித்தது பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவையும் போட்டுக்கொண்டு ஒரு தடவையும் பார்த்தார். உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் நடுவுல தடிச்ச கோடும் போட்டிருக்கு, ரம்பப் பல்லும் போட்டிருக்கே, எதைங்க நம்புறது என்று கேட்டார். ரெண்டையும் நம்புங்க, காலையில ரம்பம், சாயங்காலம் தடிப்பு என்றேன். இதை மாடியிலிருந்து உன் அம்மா கேட்டுவிட்டு அன்றைக்குச் சாயங்காலமும் ரம்பத்தையே தொடர்ந்தாள். அதோடு போயிருந்தால் நல்ல கதை. ஆனால் எனக்கும் உன் அத்தைக்கும் நடுவில் நீ போட்டிருந்த அந்த வெட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில், உங்கள் மேடம் சிவப்பு மையில் ஏன் என்று எழுதி, கீழே யார் சொன்ன கதை இது என்றும் எழுதியிருந்தார்கள் அல்லவா. நான் அதை ஏதோ டீச்சர்கள் சரி போடுகிற மாதிரி என்று விட்டுவிட்டேன். படம் முழுக்கக் கறுப்பு மை, அந்த ஒரு இடம் மட்டும் சிவப்பு, வருகிறவர் கண் நேராக அங்கேதான் போகிறது. தபால்காரர் கேட்டார், ஏன். கல்யாண போட்டோவுக்குச் சட்டம் போட வந்த ஜோடி கேட்டது, ஏன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தமாஷ் சொல்லி அனுப்பினேன். கடைசியாக ஒரு டீச்சரம்மா தன் பிள்ளைகளின் குரூப் போட்டோவைக் கொண்டுவந்தார்கள், அவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, இதுக்கு இன்னும் பதில் எழுதலியே என்று வீட்டுப்பாடம் செய்யாத பையனிடம் கேட்கிற மாதிரி கேட்டார்கள். எனக்குச் சட்டென்று வாயில் ஒன்றும் வரவில்லை. எனக்கு வாயில் ஒன்றும் வராத நாள் என்று என் ஆயுசில் எத்தனை இருக்கும் சொல். அன்றைக்குச் சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொன்னேன், அந்த மேடம் என்னைப் படுத்துறாங்க என்று. அவள் நிமிராமல், இதையே பதினோரு வருஷமா நானும்தான் கேக்கறேன், என்கிட்ட சிவப்பு மை இல்ல, அதான் உங்க காதுல விழல என்றாள்.

அதற்கு மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. இப்போது விளங்குகிறதா, ஏன் காலரைப் பிடித்த மாதிரி இருந்தது என்று.

கட்டெறும்பு, போனில் நீ கேட்டாய், அத்தை ஏன்ப்பா நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல என்று. நான் என்ன சொன்னேன், தாத்தா செத்த வீட்டில் தனக்கு ஒருத்தரும் ஒரு வாய் டீ கொடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாள், உங்க அத்தை கோவத்துக்குச் சட்டம் போடணும்னா என் கடையில இருக்கற மரம் பத்தாது என்றேன். நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை, நான் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன், நீ அங்கேதான் இருந்தாய். நான்தான் அந்தச் சத்தமில்லாமை தாங்காமல் அடுத்த தமாஷுக்குப் போனேன். அதனால் நீயும் அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டாய். நான் சொன்னது பொய். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

உன் தாத்தா விடியற்காலையில் போனார். உனக்குப் பன்னிரண்டு வயது, உன்னை அம்மாவோடு உள் அறையில் விட்டிருந்தோம், உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அத்தைக்குச் சொல்லி அனுப்பினோம், அவள் அப்போது இருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரம். வழியில் பஸ் நின்றுபோய்விட்டது. கண்டக்டருடைய போனை வாங்கி என்னிடம் பேசினாள், தம்பி, வேற பஸ் மாறிட்டேன், வந்துட்டே இருக்கேன், ஒரு மணி நேரம் மட்டும் பொறுடா, அப்பா முகத்தை ஒரு தடவை பாத்துக்கறேன் என்றாள். சரிக்கா என்றேன். வந்திருந்தவர்கள் மழை வரும்போல இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். கேட்டார்கள், அவ்வளவுதான், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அக்கா வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் எடுங்க என்றேன். ஏன் என்று கேட்டால், காலையிலிருந்து நான் எல்லாரிடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தேன், அவள் வந்து அப்பா மேல் விழுந்து அழுதால் நானும் அழுதுவிடுவேன், அது எனக்கு முடியாது என்று தோன்றியது. அவ்வளவு பேர் முன்னால் அழக்கூடாது என்று என் கூடப் பிறந்தவளுக்குக் கடைசி முகத்தை இல்லாமல் செய்தேன். எல்லாம் முடிந்து நான் திரும்பி வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், ஒரு கையில் பையோடு வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவளை நேரம் கழித்து வருகிறவள் என்று நான் கேலி செய்வது வழக்கம். அந்த வாய் அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. அத்தனை பேர் நடுவில், என்னக்கா, அப்பா பாட்டுக்குக் கிளம்பிட்டாரு, உனக்குத்தான் பஸ் கிடைக்கல போல என்றேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். அவள் பையைக் கீழேகூட வைக்கவில்லை. அப்படியே திரும்பி நடந்து போனாள். அந்த டீ கதை அதற்கு மறுநாள் நானே கட்டியது.

எழுதிவிட்டேன். மணி பன்னிரண்டே முக்கால், இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, உன் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தை இப்போது இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறினேன். நாலு மணி நேரம், கண்ணாடி உடையாமல் மடியில் குழந்தை மாதிரி. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், கக்கத்தில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள், யாருடா செத்தா என்று கேட்டாள். சட்டம் போடுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் சட்டத்தோடு வந்து நின்றால் வேறென்ன கேட்பாள். எனக்கு நாக்கு நுனிக்கு ஒரு தமாஷ் வந்தது, விழுங்கிவிட்டேன், தொண்டையில் மீன் முள் மாதிரி இறங்கியது. யாரும் இல்லக்கா, நாம எல்லாரும்தான் இதுல இருக்கோம், உன் மருமவ வரைஞ்சது என்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை, நான் உள்ளே போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவி வந்தாள். தன் வட்டத்துக்கு வந்ததும், ஐம்பத்தெட்டா, எனக்கு ஐம்பத்தாறுடா, ரெண்டு வயசு ஏத்திப் போட்டிருக்கா என்று கோபித்துக்கொண்டாள். பிறகு அந்த வெட்டுக் கோட்டைப் பார்த்தாள், சிவப்பு ஏனைப் பார்த்தாள். இது யாரு எழுதினது என்றாள். பிள்ளையோட மேடம் என்றேன். நீ என்ன பதில் சொன்னே என்றாள். உனக்கு டீ தரலைன்னு சொல்லி வச்சேன் என்றேன். டீயா, நான் அன்னிக்குத் தண்ணிகூடக் கேக்கலியேடா என்றாள், சத்தமாகக்கூட இல்லை. அப்போதுதான் சொன்னேன், எடுங்கன்னு சொன்னது நான்தான்க்கா, நீ வந்துட்டு இருக்கேன்னு தெரிஞ்சும் சொன்னேன், மழை இல்ல, ஒண்ணும் இல்ல, எனக்குப் பயமா இருந்துச்சு என்று.

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சுவரில் ஒரு காலண்டர், அடுப்பங்கரையில் எங்கேயோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயைப் பற்றி ஒன்று, அவளுடைய ரெண்டு வயதைப் பற்றி ஒன்று, பஸ்ஸில் என் மேல் தூங்கி விழுந்த ஆளைப் பற்றி ஒன்று, மூன்று தமாஷ் வரிசையில் நின்றன என் வாயில். நீ எழுதிய அந்த மூன்று தடவையை நினைத்துக்கொண்டேன். மூன்றையும் உள்ளேயே வைத்து வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். ஒரு முழுக் கண்ணாடியைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் நடக்கிற மாதிரி இருந்தது, கட்டெறும்பு. இதையா நீ தினமும் செய்யப் படிக்கிறாய். நான் நீ அங்கே கட்டம் வட்டம் வரைந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவளே கேட்டாள், அப்பா முகம் எப்படிடா இருந்துச்சு என்று. பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அதை அவளுக்குச் சொல்லக் கூடியவன் நான் ஒருத்தன்தான். சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் தானே சவரம் செய்திருந்தார், தாடையில் ஒரு கீறல், அதில் ரத்தம் நிற்க எப்போதும் போலத் துண்டுக் காகிதத்தைக் கிள்ளி ஒட்டியிருந்தார், உயிர் போகும்போதும் அது ஒட்டிக்கொண்டே இருந்தது, நான்தான் எடுத்துப் போட்டேன் என்றேன். பேப்பர் ஓரத்தைக் கிள்ளியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுக்கப்புறம் அவள் அழுதாள், நானும் அழுதேன், பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை, கூரை அப்படியேதான் இருந்தது. கிளம்பும்போது, அப்பா படம் ரெண்டு சட்டம் போட்டிருப்பியே, என்னுது எங்க என்றாள். அப்போது போட்டதுதான், பழைய பேப்பர் சுற்றி மேல் அலமாரியில் பதினோரு வருஷமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்து தருகிறேன் என்றேன். நீ கொண்டு வர வேணாம், நானே வந்து வாங்கிக்கறேன், ஞாயித்துக்கிழமை பதினோரு மணி என்றாள்.

இனி உன் விஷயம். இந்தப் படிப்பு வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், உனக்குக் கேட்கத் தெரியாது என்று எழுதினாயே, அது தப்பு. என்னிடம் கேட்டாய், கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். பதில் சொல்லாமல் ஓடினது நான். அந்தம்மா திரும்பவும் வருவார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, வரட்டும், கேள். அழுதால் அழட்டும், நீ பக்கத்தில் இரு, ஸ்கூல் பை அந்தப் பக்கம் கிடக்கட்டும். உனக்கு அழுகை வந்தால் பிறகு பாத்ரூமில் போய் அழு, முகத்தைக் கழுவிக்கொண்டு வா. அதைச் செய்து பார்த்த பிறகும் திரும்பி வரத்தான் தோன்றுகிறது என்றால் வா, அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறோம், ஏன் என்று நான் கேட்க மாட்டேன், சரி, கேட்பேன், ஆனால் தமாஷ் பண்ண மாட்டேன். கேட்காமலேயே வந்துவிடாதே என்றுதான் சொல்கிறேன், அப்படி வந்தவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா மாடியிலிருந்து ரெண்டு தடவை குரல் கொடுத்துவிட்டாள், சோறு ஆறுது, அவங்க வரும்போது வரட்டும், நீங்க சாப்பிடுங்க என்று. இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு அவளும் சாப்பிடவில்லை, தட்டுகளைக் கழுவி அடுக்கி வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்கிறாள். உன் அம்மா உனக்கு எழுதச் சொன்னது, ராத்திரியில் தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு படிக்காதே, அவ்வளவுதான்.

சட்டத்தின் பின் அட்டையைப் பிரித்து, உன் படத்தை எடுத்து இதோடு அனுப்புகிறேன். அத்தை வயது ஐம்பத்தாறு, மறக்காமல் முதலில் அதைத் திருத்து. அந்த வெட்டுக் கோட்டை இப்போது தொடாதே, அவள் வந்து போகட்டும். மேடத்துக்கு என் வணக்கம் சொல், பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கச் சொல். நீ கேட்கிற கேள்விக்கெல்லாம் உண்மை சொல்கிற ஆட்கள் உனக்கு வாய்க்கட்டும், உன் மனசும் உடம்பும் ஒன்றுக்கொன்று தடித்த கோடாக நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் படத்தில் நடுவில் இருக்கும் கட்டம்,
அப்பா

பின் குறிப்பு: மணி இரண்டு ஐந்து. கவரை ஒட்டுவதற்கு முன் மடித்ததைப் பிரித்து எழுதுகிறேன். அத்தை வந்துவிட்டாள். ஷட்டருக்குக் கீழே குனிந்து, ஒரு கையில் பையோடு வந்து நின்றாள், வேர்த்திருந்தது. லேட்டாயிடுச்சுடா, எல்லாம் முடிஞ்சிடுச்சா என்று கேட்டாள். இல்லக்கா, நீ வரட்டும்னுதான் இருக்கோம் என்றேன். பையைக் கீழே வைத்தாள்.